கிலோக் கணக்கில் போகும் டெவ் கிட்டுகள்

ஆசிரியர் அவர்கட்கு,

‘பழைய கணினி, ரீவி, கேம் பெட்டிகள் கிலோக் கணக்கில் வாங்கப்படும்’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் வண்டிகள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இப்போது சாதாரணம். அதில் பிழை சொல்ல எதுவுமில்லை. கோடிப்புறத்தில் கறள் பிடித்துக் கிடக்கும் ரீவி போவதே நல்லது. ஆனால் இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர்கள் வீடு மாறும்போது கப்பலில் ஏற்றிவிடும் பெட்டிகளுக்குள் எப்போதாவது வேறொரு சாமான் வந்து சேர்ந்துவிடுகிறது. பார்த்தால் நிறம் மாறிய பிளேஸ்ரேசன். அல்லது இன்னதென்று விளங்காத நீட்டுக் கார்ட் இரண்டு. கடையில் வாங்கிய கேமைப் போட்டால் சிலவற்றில் ஓடாது. ‘பழுது’ என்று வண்டியில் ஏறிவிடும். கேம் எழுதும் நிறுவனங்களுக்கென்றே கொன்சோல் தயாரிப்பாளர்கள் கொடுத்த டெவலப்மென்ற் கிட்டுகள், சுருக்கமாக டெவ் கிட்டுகள், இவை. வண்டியில் ஏற்றுவதற்கும், அதைவிட முக்கியமாகப் பிளக்கில் கொழுவுவதற்கும் முன்னர் என்னென்ன பார்க்கவேண்டும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

கடைக்கு வரும் கொன்சோல் தயாரிப்பாளரின் அனுமதி பெற்ற டிஸ்க்கை மட்டுமே ஏற்கும். பாதி எழுதிய புரோகிராமை அதில் ஓட்டிப் பார்க்க முடியாது. ஓடும்போது இடையில் நிறுத்தி நினைவகத்துக்குள் என்ன கிடக்கிறதென்று பார்க்கவும் முடியாது. டெவ் கிட் இரண்டையும் செய்யும். பிழை தேடுவதற்கான தகவல்களோடு கட்டிய புரோகிராம் இறுதி வடிவத்தைவிடப் பருமன் என்பதால் நினைவகமும் கூடுதலாக இருக்கும். முதல் பிளேஸ்ரேசனின் பிரதான நினைவகம் 2 மெகாபைற். டெவ் கிட்டில் 8. பிளேஸ்ரேசன் 2 என்றால் 32க்கு 128. முதல் எக்ஸ்பொக்ஸில் 64க்கு 128. ஆரம்பகால எக்ஸ்பொக்ஸைத் திறந்து சேர்க்கிட் போட்டைப் பார்த்தால் நான்கு நினைவக சிப்புகளுக்கான இடம் வெறுமையாகக் கிடப்பது தெரியும். டெவ் கிட்டில் அந்த இடங்களும் நிரம்பியிருக்கும்.

அடையாளம் காண்பது கடினமல்ல. முதலில் அடிப்பக்க லேபலைப் பாருங்கள். சோனியின் கடைப் பெட்டிகளில் மாதிரி இலக்கம் எஸ்சிபிஎச் என்று தொடங்கும். டெவலப்பர் பெட்டிகளில் டிரிஎல் என்று தொடங்கும். சாம்பல் நிறத்துக்குப் பதிலாக நீலமாகவோ பச்சையாகவோ உள்ள முதல் பிளேஸ்ரேசன், டிபக்கிங் ஸ்ரேசன் எனப்படும் சோதனைப் பெட்டி. வீட்டில் எழுதிய சீடியையும் ஏற்கும், எந்த நாட்டு டிஸ்க்கையும் ஏற்கும். நீலம் முந்தியது, பச்சை பிந்தியது. இடையில் வரைகலை சிப் மாறியதால் டெவலப்பர்கள் இரண்டிலும் சோதிக்கவேண்டியிருந்தது. சாதாரணப் பெட்டிக்கு நீலப் பெயின்ற் அடித்து விற்பவர்களும் உலகத்தில் இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். கறுப்பு நிறமென்றால் பெரும்பாலும், வீட்டிலிருந்து கேம் எழுத விரும்புவோருக்கென்று சோனி செய்த நெற் யாரோஸே: 1996இல் ஜப்பானிலும் மறு ஆண்டு மற்ற நாடுகளிலும் பொதுமக்களுக்கே விற்கப்பட்டது. இதனுடன் வந்த அக்செஸ் கார்ட் மெமரி கார்ட் போலவே இருக்கும், அதே துளைக்குள்தான் போகும். அதுவும் பூட் டிஸ்க்கும் இல்லாவிட்டால் கணினியிலிருந்து எதையும் இதற்குள் அனுப்ப முடியாது. பிள்ளைகளின் பழைய மெமரி கார்ட்களோடு அது ஒரே பையில் கலந்து, பையோடு குப்பைக்குப் போவதுதான் வழமை.

நின்ரென்டோவில் வரும் குழப்பம் வேறு. பச்சை கலந்த நீல நிறத்தில் வரும் கேம்கியூப் என்ஆர் ரீடர் என்ற சோதனைப் பெட்டி தனக்கென்று தயாரித்த எழுதும் டிஸ்க்கை மட்டுமே படிக்கும். கடை டிஸ்க்கைப் படிக்காது. அதனால் லென்ஸ் போய்விட்டதென்று நினைத்து லேசருக்குக் கரண்டைக் கூட்டும் திருகை முறுக்கி, நன்றாக இருந்த லென்ஸை உண்மையாகவே எரித்துவிடுகிறார்கள். இந்தப் பெட்டியில் அந்தத் திருகைத் தொடவேண்டாம். சேகா ட்ரீம்காஸ்ரின் டெவ் பெட்டி, எச்கேரி என்று தொடங்கும் இலக்கத்தோடு, சாதாரண மேசைக் கணினி அளவில் இருக்கும். கணினியோடு இணைப்பது, அக்காலத்தில் டிஸ்க்குகளை இணைக்கப் பாவித்த ஸ்கசி வயர். அதைக் கொன்சோல் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

கொன்சோலே இல்லாமல் கார்ட்டாக மட்டும் வருபவைதான் அதிகம் அழிந்துபோகின்றன. பிளேஸ்ரேசனுக்கு முதலில் வந்த டிரிஎல்-எச்2000, கணினிக்குள் இருக்கும் பழைய ஐஎஸ்ஏ துளைகளில் செருகும், ஒன்றோடொன்று இணைந்த இரண்டு நீளக் கார்ட். பிறகு வந்த டிரிஎல்-எச்2500 பிசிஐ துளைக்கான ஒரே கார்ட். ஓரத்தில் தங்க முலாம் பூசிய பல்வரிசை இருப்பதால், எடைக்கு வாங்குபவர் முதல் வேலையாக அதைத் தகரக் கத்தரியால் வெட்டி எடுப்பார். கண்ணாடி யன்னல் வைத்த பீங்கான் சிப்புகளுக்கும் இதே கதி. ஒரு கார்ட்டில் தேறும் தங்கம் மிகச் சொற்பம். வெட்டிய பிறகு கார்ட் எதற்கும் உதவாது.

இனி மின்சாரம். இங்கே 230 வோல்ற். ஜப்பானியப் பெட்டிக்கு 100, அமெரிக்கப் பெட்டிக்கு 120. பிளக்கின் கால்களுக்கு மலிவு மாற்றி ஒன்றைப் போட்டுக் கொழுவினால் முதலில் பியூஸ் போகும். பியூஸோடு நின்றால் அதிர்ஷ்டம். உள்ளே வரும் மின்சாரம் நேராக்கப்பட்டதும் 230 ஏறத்தாழ 325 வோல்ற் ஆகிவிடும். 100 வோல்ற் பெட்டியின் பிரதான கப்பாசிற்றர் 200 வோல்ற்றுக்குரியது. அது வெடிக்கும், அல்லது வாய் திறந்து கரைசலைக் கக்கும். சோனியின் முதல் பிளேஸ்ரேசனில் மாதிரி இலக்கத்தின் கடைசி எண் 0 என்றால் ஜப்பான், 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா என்பது வழக்கம். அதை நம்பிக் கொழுவாமல், லேபலில் அச்சிட்ட வோல்ற்றையே வாசியுங்கள்.

ஜப்பானியப் பெட்டிக்கு 230இலிருந்து 100க்கு இறக்கும் உண்மையான ரான்ஸ்போமர் வேண்டும். லேபலில் உள்ள வாற்றின் இரண்டு மடங்கு கொள்ளளவில் எடுத்தால் சூடேறாது. பயணப் பைகளில் வரும், தலைமயிர் உலர்த்திக்கென்று விற்கும் கைக்கடக்கமான மாற்றிகள் வேண்டவே வேண்டாம். அவை வோல்ற்றை இறக்குவதில்லை, மின்னலையின் ஒரு பகுதியை வெட்டிவிடுகின்றன. ஹீற்றர் கம்பிக்கு அது போதும். கப்பாசிற்றருக்கு அதன் உச்சி வோல்ற் அப்படியே போய்ச் சேரும். 60 ஹேர்ட்ஸுக்கென்று செய்த பாரமான பழைய அடப்ரர்களும் நம் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெடுங்காலம் கிடந்த பெட்டியை நேரடியாகக் கொழுவாமல், பழைய றேடியோ திருத்துநர்கள் வைத்திருக்கும் தொடர் பல்ப் முறையைப் பயன்படுத்தலாம். 60 வாற் குண்டு பல்ப் ஒன்றைப் பெட்டியோடு தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். எல்ஈடி பல்ப் சரிவராது. பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷோட், உடனே கழற்றுங்கள். கழற்றிய பிறகும் பிரதான கப்பாசிற்றரில் ஆளை அடிக்கப் போதிய மின்சாரம் நிற்கும். ஸ்குறூட்றைவரால் குறுக்கே தட்டித் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அது போட்டையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். 10 கிலோஓம், 10 வாற் ரெசிஸ்ரர் ஒன்றைக் காப்பிட்ட வயரில் கட்டிக் கால் நிமிடம் பிடித்து, பிறகு மல்ரி மீற்றரால் அளந்து பாருங்கள்.

மின்சாரம் சரியானாலும் பற்றரி சும்மா விடாது. ஐஎஸ்ஏ கார்ட் செருகிய 486 கணினிகளின் மதர்போட்டில், நீல உறைக்குள் பீப்பாய் வடிவில் 3.6 வோல்ற் நிக்கல் கட்மியம் பற்றரி ஒன்று ஈயம் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்தால் காரம் செப்புக் கோடுகளின் பச்சைப் பூச்சுக்கு அடியால் ஊர்ந்து துளைகள் வரை போகும். வெட்டி எடுங்கள். கசிந்த இடத்தில் நிறமற்ற வெள்ளை வினாகிரியைப் பஞ்சுக் குச்சியால் தடவிச் சில நிமிடம் விடுங்கள். தென்னங்கள்ளு வினாகிரி கறை விடும். அதன் பின் கழுவும் தண்ணீர்தான் இங்கே முக்கியம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லிலிருந்து வருவது. போட்டில் உலர்ந்தால் சிப் கால்களுக்கிடையில் வெள்ளைப் படிவு நிற்கும், ஈரக்காற்றில் அது மின்சாரத்தைக் கசியவிடும். வாகனக் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரை (காய்ச்சி வடித்த தண்ணீர், அசிட் அல்ல) பயன்படுத்துங்கள். கடைசியாக 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல். மருந்துக்கடை ஸ்பிரிற்றில் தண்ணீர் கலந்திருக்கும். கை கழுவும் சனிரைசரில் கிளிசரின் வேறு இருக்கும். இரண்டும் ஆகாது. நிழலில் மின்விசிறிக்கு முன்னால் ஒரு நாள் உலரட்டும்.

முதல் எக்ஸ்பொக்ஸில் மணிக்கூட்டுக்கென்று வைத்த 1 ஃபராட், 2.5 வோல்ற் கப்பாசிற்றரும் இதேபோலக் கசிந்து போட்டைக் கெடுக்கும். அதைக் கழற்றிவிட்டாலும் பெட்டி ஓடும், நேரம் மட்டும் மறந்துபோகும். கடைசியாக வந்த 1.6 பதிப்பில் வேறு வகை போட்டிருப்பதால் அதைத் தொடத் தேவையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்துப் போட்களில் உள்ள சின்ன அலுமினியக் கப்பாசிற்றர்களும் கசியும். சொல்டரிங் அயனை வைத்ததும் மீன் வெடில் வந்தால் கசிந்துவிட்டது என்று பொருள். சூட்டுக் காற்றால் ஊதவேண்டாம், உள்ளிருக்கும் கரைசல் கொதித்து வெடிக்கும்.

நின்ரென்டோ 64க்கான ஆரம்பகாலக் கேம்கள் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் இன்டி என்ற தட்டையான நீலக் கணினிக்குள் கார்ட் ஒன்றைச் செருகி எழுதப்பட்டவை. அந்த இன்டியில் பற்றரி, மணிக்கூடு, நினைவகம் மூன்றையும் ஒரே கறுப்புக் கட்டிக்குள் வைத்து மூடிய டலஸ் டிஎஸ்1386 சிப் இருக்கிறது. பற்றரி செத்தால் நேரத்தோடு வலையமைப்பு முகவரியும் அழிந்துவிடும். மென்பொருள் உரிமங்கள் அந்த முகவரியோடு கட்டப்பட்டவை என்பதால், எழுதிய புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் திறக்க மறுக்கும். எனவே அந்தச் சிப்பில் கை வைப்பதற்கு முன், கணினி இன்னும் காட்டுகிறதென்றால் முகவரியைத் திரையிலிருந்தும், காட்டாவிட்டால் பின்பக்க ஸ்ரிக்கரிலிருந்தும் எழுதி எடுங்கள். ஸ்ரிக்கரைத் தின்னரால் துடைத்துப் பளபளக்க வைத்துவிட்டு வந்து நின்றால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியின் இரும்பும் பிளாஸ்ரிக்கும் இன்னொன்று கிடைக்கலாம். ஹாட் டிஸ்க்கில் இருப்பது வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். அதனால் பெட்டியை முதல் தடவை முழுதாக இயக்குவதற்கு முன்பே ஹாட் டிஸ்க்கைக் கழற்றிப் பிரதி எடுத்துவிடவேண்டும். விண்டோஸ் கணினியில் கொழுவினால், இந்த டிஸ்க்கை ஃபோமற் செய்யட்டுமா என்று கேட்கும். வழமையாக எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ அழுத்தும் கைக்கு இது ஆபத்தான கேள்வி. லினக்ஸ் பெண்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக எடுங்கள். முதற்சுற்றில் வாசிக்க முடிந்தவற்றை மட்டும் எடுத்துப் பழுதான இடங்களைத் தாண்டச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் அந்த இடங்களை மூன்று தடவை முயலச் சொல்லுங்கள். முதலிலேயே பழுதான இடத்தில் மல்லுக்கட்டினால் நல்ல பகுதியை எடுக்குமுன் டிஸ்க்கின் ஊசி போய்விடும். எந்த இடம்வரை எடுத்தது என்ற பதிவுக் கோப்பையும் பிரதியோடு வைத்திருங்கள். மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடை எக்ஸ்பொக்ஸின் டிஸ்க் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். கணினி அதை வாசிக்க மறுப்பதைப் பார்த்துப் பழுதென்று எறியவேண்டாம். திறக்கும் சாவி மதர்போட்டில் உள்ள சின்ன சிப்பில் இருப்பதால் போட்டையும் டிஸ்க்கையும் பிரிக்கக்கூடாது.

கையெழுத்தில் பெயரும் திகதியும் எழுதிய சீடிகள் கிடைத்தால் கீறல் விழாத பக்கம் எது என்று தடவிப் பார்க்காமல் ஓரத்தில் பிடியுங்கள். எழுதும் சீடியில் தரவுப் படை இருப்பது மேற்பக்கத்து மெல்லிய வாணிசுக்கு உடனடிக் கீழே. பளபளக்கும் பக்கத்துக் கீறலைத் தேய்த்துச் சரிக்கட்டலாம், எழுத்துப் பக்கத்துக் கீறல் போனது போனதுதான். ஒட்டிய காகிதத்தை உரித்தால் படையும் சேர்ந்து வரும். பிளேஸ்ரேசன் சீடியைச் சாதாரண ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பதும் பிழை. அதில் சீடியின் ஒரு பிரிவுக்கு (செக்ரர்) 2048 பைற் மட்டுமே பதிவாகும். டிஸ்க்கிலிருந்து நேராக ஓடும் ஒலி, படக்காட்சிகளின் ஒலி உட்பட, 2324 பைற் கொண்ட வேறு வகைப் பிரிவில் இருப்பதால் வெட்டுப்பட்டுவிடும். ஒரு பிரிவு 2352 பைற்றாக, பின், கியூ என்ற இரட்டைக் கோப்பு வடிவில் எடுக்கவேண்டும்.

கண்ணாடி யன்னல் வைத்த ஈப்ரொம் சிப்புகளைப் பற்றி ஒன்று. கார்ட்ரிஜ் காலத்து வெளிவராத கேம்கள் இவற்றில்தான் எழுதப்பட்டன. யன்னலுக்கூடாக ஊதாக்கதிர் பட்டால் தரவு அழியும். அழிப்பதற்கென்றே வைத்த யன்னல் அது. நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரம் போதும், ரியூப் லைற் வெளிச்சத்தில் மூன்று ஆண்டு என்பது தயாரிப்பாளர் கணக்கு. மாரி முடிந்ததும் பெட்டிகளை முற்றத்தில் காயப்போடும் எங்கள் வழக்கத்துக்கு இது ஆகாது. யன்னல் திறந்திருந்தால் முதலில் ஒளி புகாத ரேப்பை ஒட்டுங்கள். வாசிக்கும்போது மூன்று தடவை வாசித்து ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றாக வராவிட்டால் சிப் சார்ஜ் இழந்துகொண்டிருக்கிறது.

வைத்திருப்பதற்குப் பெரிய செலவில்லை. சோளகக் காற்றில் உப்பும் தூசியும், மாரியில் பூஞ்சணமும் என்று இரண்டு பருவமும் இலத்திரனியலுக்குப் பகை. கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர்கள் லென்ஸ் வைக்கும் உலர் பெட்டி, 45 வீத ஈரப்பதத்தில், போதும். இல்லாவிட்டால் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். ஜெல் நிறம் மாறியதும் 120 பாகை அவனில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் திரும்பப் பாவிக்கலாம்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அரைகுறைக் கதைதான் வேகமாகப் பரவும். நின்ரென்டோவும் சோனியும் சேர்ந்து செய்து கைவிட்ட மாதிரிக் கொன்சோல் ஒன்று 2020இல் அமெரிக்க ஏலத்தில் 360,000 டொலருக்குப் போனது உண்மை. அது வெளியே தெரிய மிஞ்சியிருந்த ஒன்றே ஒன்று. நீலப் பிளேஸ்ரேசன் வைத்திருப்பவர் காணி வாங்கும் கணக்குப் போடவேண்டாம்.

சட்டப் பக்கமும் உண்டு. பெரும்பாலான டெவ் கிட்டுகள் விற்கப்பட்டவை அல்ல, ஒப்பந்தத்தின் கீழ் இரவலாகக் கொடுக்கப்பட்டவை. தயாரிப்பாளரின் சொத்து என்று லேபலிலேயே அச்சிட்டிருக்கும். இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு முந்திய பெட்டியை யாரும் தேடிவருவதில்லை என்றாலும், அண்மைக்கால பிளேஸ்ரேசன், எக்ஸ்பொக்ஸ் டெவ் கிட்டுகள் வந்தால் விற்க முனையாமல், இணையத்தில் இணைக்காமல், எந்த நிறுவனத்திலிருந்து வந்ததோ அங்கேயே கேட்பதுதான் புத்தி. பெட்டி உங்கள் கையில் இருப்பதால் அதற்குள் இருக்கும் புரோகிராமின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராமையும் பாதுகாக்கிறது. டிஸ்க்கில் அங்கே வேலை செய்தவர்களின் மின்னஞ்சலும் சம்பள விபரமும் கூடக் கிடக்கலாம். பிரதி எடுத்துப் பாதுகாப்பது ஒன்று, முகநூலில் ஏற்றுவது வேறு.

எங்களிடம் இதற்கு ஓர் இடம் இல்லை என்பதே குறை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது; அச்சுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. யாழ். பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறையோ பொது நூலகமோ ஒரு உலர் அலுமாரியும், ஐஎஸ்ஏ துளை உள்ள ஒரு பழைய கணினியும், 100 வோல்ற் ரான்ஸ்போமர் ஒன்றும் வைத்தால், கொண்டுவந்து கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். கொன்சோல் 2 மெகாபைற்றுக்குள் எப்படி ஓடியது என்று மாணவர் கையால் தொட்டுப் படிக்கவும் முடியும்.

அப்படி யாரிடமாவது ஒப்படைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பெட்டியோடு கணினியின் பிரின்ரர் துளையில் கொழுவும் தீப்பெட்டி அளவு பிளக் ஒன்று வந்திருந்தால், வயர் எதுவும் இல்லையே என்று எறிந்துவிடாதீர்கள். அது டொங்கிள். 3டி ஸ்ருடியோ போன்ற அக்கால முப்பரிமாண மென்பொருட்கள் அது இல்லாமல் திறக்காது. வயர், பிளக், மெமரி கார்ட், கையேடு, கையால் எழுதிய துண்டுக் கடதாசி எல்லாவற்றையும் எந்தப் பெட்டியோடு வந்ததோ அதே பெட்டியின் பெயரெழுதிய ஒரே பையில் கட்டிக் கொடுங்கள்.

இங்ஙனம்,
இலத்திரனியல் திருத்துநர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.